பருத்தித்துறையில் தேயிலை இல்லை

மெல்பர்ன், 1974, சனிக்கிழமைப் பிற்பகல். நூலகக் கூடத்துத் திரைச்சீலையின் இடுக்கால் வெயில் நுழைந்து, வெள்ளைத் திரையில் தெரியும் பருத்தித்துறைக் கடலைப் பாதி வெளிற வைக்கிறது. வாசல் அறிவிப்பில் ‘சிலோன்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். துறைமுகப் பொறியாளர் தில்லையம்பலம் தன் ஊரைக் குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொல்கிறார்: இந்தியாவுக்குப் பருத்தி ஏற்றிய துறை, கலங்கரை விளக்கு, கொழும்புக்குப் போகும் கருவாடு, கரைவலை இழுக்கும் முப்பது பேர். புரொஜெக்டர் உறுமுகிறது. முன்வரிசைப் பூத்தொப்பிக்காரி கையை உயர்த்துகிறாள். “தேயிலைத் தோட்டம் எப்போது வரும்?” இது மூன்றாவது தடவை. “எங்கள் ஊரில் தேயிலை இல்லை, மேடம். மீன்தான்.” இதுவும் மூன்றாவது தடவை. அவர் குச்சியை மறுபடி வலைமேல் வைக்கிறார். பின்கதவைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி இராசமணி தேநீர்த் தட்டோடு வருகிறாள். கூடமே கைதட்டுகிறது. கடலுக்கு ஒரு தடவைகூடத் தட்டாத கைகள். பூத்தொப்பிக்காரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண் மூடுகிறாள். “அருமை! இது உங்கள் ஊரில் விளைந்ததுதானே?” இராசமணி கணவர் பக்கம் குனிகிறாள். “இஞ்சாருங்கோ, ஓமெண்டு சொல்லுங்கோ. தேத்தண்ணி ஆறப்போகுது.” திரையில் வலை இன்னும் கரைக்கு வந்து சேரவில்லை. அவர் புரொஜெக்டரை அணைக்கிறார். கடல், வலை, முப்பது பேர், எல்லாம் போய்விடுகிறது. “யெஸ்,” என்கிறார்.