வெள்ளைக் கறை

நாளைக்குக் கீழப்பழுவூரில் மச்சினன் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வீரமணியின் பழைய அம்பாசடர்தான் போகிறது. அந்த நேரம் பார்த்து, காப்பி நிற ரெக்ஸின் சீட்டின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கறை!

"சாம்பார் சிந்துனதைத் தொடைக்கச் சொன்னா, எந்தப் பவுடரைப் போட்டுத் தேச்ச?" என்று மனைவி பரிமளாவிடம் எகிறினான்.

"வெறும் சோப்புத் தண்ணிதாங்க. நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பழைய கார்னா பெரம்பலூரே என்னையத்தான் வந்து கேக்குது."

அது அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். ஷாம்பு, பிரஷ் சகிதம் அவனே இறங்கினான். தேய்க்கத் தேய்க்கக் கறை தட்டளவு ஆனது. பிறகு முறத்தளவு. கோபம் மாமனார் மேல் திரும்பியது. பத்து வருஷத்துக்கு முன்னால், தான் ஓட்டிக்கொண்டிருந்த காரை மாப்பிள்ளைக்குத் தந்தவர் அவர்தானே! போன் போட்டான்.

"மாமா, சீட்டுல வெள்ளைக் கறை இருக்கறதைச் சொல்லாமலே காரை என் தலையில கட்டிட்டீங்களே!"

"வெள்ளைக் கறையா? என்ன மாப்ள, நான் குடுத்தப்ப சீட்டு முழுக்கவே வெள்ளைதான!"

போனை வைத்த வீரமணி, பத்து வருஷத்துத் தலையெண்ணெயும் வியர்வையும் ஊறி, தன் முதுகின் அச்சாகவே கறுத்திருந்த டிரைவர் சீட்டைப் பார்த்தான்.

"அப்பா என்னங்க சொன்னாரு?"

"நாலு பக்கெட் தண்ணி கொண்டா," என்றான் குரலை இறக்கி. "கறை இன்னும் முக்கால்வாசி பாக்கி கெடக்கு."