கடுகளவு வெள்ளைப் புள்ளி

ஒரு கிருமியும் படாமல் எலோயிசா வளர்த்த வரிக்குதிரை மீன் குஞ்சுகள் குடுவையில் நீந்துகின்றன. கண்ணாடி போன்ற உடலுக்குள் குடல் நூலாக நெளிகிறது. குடுவை நீரைச் சொட்டுவிட்டுச் சோதித்த தட்டிலோ கடுகளவு வெள்ளைப் புள்ளி முளைத்திருக்கிறது. ஆய்வுக்கூடச் சன்னலில் மொண்டேவீடியோவின் மழை. "கிருமி புகுந்துருச்சு. இங்க வச்சு மாத்தே டீ குடிச்சியாடா?" உடன் ஆய்வு செய்யும் யமண்டூ கக்கத்து ஃப்ளாஸ்க்கை இறுக்கிக்கொள்கிறான். "ஒரே ஒரு உறிஞ்சுதான்..." "அது இல்லாம ஒனக்கு மூச்சே வராதே!" அவன் குடுவையைக் காட்டுகிறான். "நேத்து குடல்ல தேங்கிக் கிடந்த இரை இன்னைக்கு நகருது, பாரு. இப்பத்தான் நல்லா இருக்குதுங்க." "கிருமி சேர்ந்தா குடல் நல்லா வேலை செய்யும், அப்படித்தான். இனிமே ஆய்வுக்கு ஆகாது." குஞ்சுகளைக் கொன்றுவிடும் மயக்க மருந்துப் புட்டியைத் திறக்கிறாள், ஊற்றவில்லை. மறு கையை அவன் பக்கம் நீட்டுகிறாள். "எனக்கும் ஒரு வாய் மாத்தே ஊத்து."