புருஷன்மார்கள் வெளியே

காலையிலிருந்து பதினோரு ஊராட்சித் தலைவிகளைப் பார்த்தாயிற்று. பதினோரு பேருக்கும் புருஷன்மார்தான் பேசினார்கள். ஒரு தலைவிக்குத் தும்மல் வந்தது. அதையும் புருஷனே தும்மிவிட்டார்.

பன்னிரண்டாவது ஜோடி உள்ளே வந்தபோது அதிகாரி சிவசங்கருக்குத் தலைவலி கழுத்துவரை இறங்கியிருந்தது.

"எந்த ஊர்?"

"மலைமேல, கரியாலூருக்கும் மேலங்க," என்றாள் ராணியம்மாள்.

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் மாதன் தொண்டையைச் செருமினான். "சார், தலைவரு இன்னான்னா..."

"தலைவருக்கு வாய் இருக்கில்ல? அவங்களே பேசட்டும். நீ வெளியே போய் நில்லுப்பா."

மாதன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு வெளியே போனான்.

"உட்காருங்கம்மா. பயப்படாம சொல்லுங்க."

"பயம் இன்னாத்துக்குங்க? ரோடு வேணும். இன்னிக்கோட லிஸ்ட்டு முடியுதாம். இத்த வுட்டா இன்னும் ரெண்டு வருஷம்."

சிவசங்கர் வரைபடத்தை விரித்தார். "உங்க ஊருக்குத்தான் ரோடு இருக்கே. இதோ, கறுப்புக் கோடு."

"அந்தக் கோட்டுல ஒருவாட்டி நடந்து பாருங்க சார். போன மாசம் ஒரு புள்ளத்தாச்சியக் கம்புல போர்வையைக் கட்டித் தூக்கிக்கினு வந்தோம். பாதி வழியிலயே பெத்துட்டா. கொழந்த பொறந்த ஊருன்னு இன்னா எழுதறது? உங்க மேப்புல அந்தப் பாறைக்குப் பேரே இல்ல."

 சிவசங்கர் பேனாவை எடுத்து, பட்டியலில் முதல் பெயருக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில் அந்த ஊரை எழுதினார்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனதும், டீயோடு வந்த குமாஸ்தா கண்ணாயிரத்திடம் சொன்னார்: "தலைவர்னா இப்படி இருக்கணும்யா. புருஷனை வெளியே அனுப்பினேன் பாரு, அப்புறம்தான் பேச்சே வந்துது."

கண்ணாயிரம் டீயை மெதுவாக வைத்தார். "சார், அது பொம்பளைங்களுக்கு ஒதுக்கின ஊரு இல்லீங்க. தேர்தல்ல நின்னதும் ஜெயிச்சதும் அந்த மாதன்தான்."

சிவசங்கர் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். ராணியம்மாளின் பக்கத்தில் மாதன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் தலைவர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மாதன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு இவளாட்டம் பேச வராதுங்க. சொல்லியிருந்தா இவளத்தான வெளிய அனுப்பியிருப்பீங்க?"