ஸ்விட்ச்சைத் தேடி வந்த கூட்டம்

ஒரு வீட்டு அலமாரியில் ரவுட்டர் இருந்தது. அதற்குத் துணையாக நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று புதிதாக வந்தது. ஒரு கேபிளில் வரும் சேதியை மற்ற கேபிள்களுக்கு அனுப்புவது அதன் வேலை.

ஷெரின் இரண்டையும் இணைத்தாள். மாடி அறைக்கு வாங்கிய நீளக் கேபிள் இன்னும் மேலே இழுக்காமல் கிடந்தது. தொங்கினால் அசிங்கமாக இருக்குமென்று, இப்போதைக்கு அதன் இரண்டு முனைகளையும் ஸ்விட்ச்சிலேயே செருகிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று ரவுட்டர் வழக்கம்போல் குரல் கொடுத்தது.

ஸ்விட்ச்சின் விளக்குகள் படபடத்தன. "அண்ணே, என்னைத் தேடி எவ்வளவு பேர் வர்றாங்க பாருங்க. மூச்சு விட நேரமில்ல."

"என்ன கேக்குறாங்க?"

"வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்கன்னு."

"தம்பி, அது என் குரல். உன் கேபிளுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வருது. வேற சேதிக்கு வழியே இல்ல."

"உங்களுக்குப் பொறாமை, அண்ணே."

மாடியிலிருந்து ஷெரினின் தம்பி கத்தினான். "அக்கா, இன்டர்வியூ ஆரம்பிக்கப் போகுது. நெட் சுத்தமா நின்னுபோச்சு."

ஓடிவந்த ஷெரின், கேபிளின் இரண்டு முனையும் ஸ்விட்ச்சிலேயே இருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கேபிளின் ஒரு முனையைப் பிடுங்கி மாடிக்கு எடுத்துப் போனாள்.

விளக்குகள் அடங்கின. ஸ்விட்ச்சுக்கு அழுகை முட்டியது. "எல்லாரும் போயிட்டாங்க, அண்ணே."

"கொஞ்சம் பொறு."

சிறிது நேரத்தில் ஒரு பச்சை விளக்கு மெல்ல மின்னியது. ஸ்விட்ச் உற்றுக் கேட்டது.

"அண்ணே, மாடியிலிருந்து யாரோ பேசுறாங்க," என்றது. "இது உங்க குரல் இல்ல."