மூன்று அடுக்கு

“எங்க வைக்கிற பேப்பரைக் கொண்டுபோய் எங்கங்க வச்சுப் பாக்குறீங்க!”

தையல்காரி போட்ட சத்தத்தில் கடையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. தொட்டுப் பார்க்கவென்று பிரித்து வைத்திருந்த டாய்லெட் பேப்பர் ரோலிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார் அவளுடைய கணவர். தொழில் வெல்டிங். இரும்போடு மல்லுக்கட்டுகிற அந்தக் கை எதையும் இவ்வளவு பதமாகப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

“இது நல்லாருக்கு. மூணு அடுக்கு. பூ மாதிரி இருக்கு” என்றார்.

“உக்கார்ற எடத்துக்குப் பூ கேக்குதாக்கும்! தள்ளுங்க, நான் பாக்குறேன்.”

அவளுக்குத் துணி பார்த்துப் பழகிய கை. ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டு கிழித்தாள். நெடுக்கில் இழுத்தாள், குறுக்கில் இழுத்தாள், கசக்கினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கடைசியில் அடித்தட்டில் கிடந்த பழுப்பு நிறப் பேப்பருக்கு முதல் மார்க் கொடுத்தாள்.

“இதான் பேப்பர். காடாத் துணி மாதிரி கெட்டி. தையல் போட்டாக்கூடத் தாங்கும்.”

“சொரசொரன்னு இருக்கே.”

“இருந்தா என்ன? நெருப்புப் பொறி தெறிச்சாலே அசையாத தோலு உங்களுது. அதைப் பேப்பர் வந்து குத்திருமா?”

விற்பனைப் பெண் சமாதானம் செய்கிற நினைப்பில் பக்கத்தில் வந்தாள். “வீட்ல குழந்தை இருக்காம்மா? அப்படின்னா சார் எடுத்ததுதான் நல்லது. ரொம்ப மிருது.”

“இல்ல” என்றாள் தையல்காரி வெடுக்கென்று.

இருந்தது. பத்தொன்பது வயதுக் குழந்தை. சிட்டு என்று கூப்பிடுவார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

அன்றைக்கு இந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தூணோடு தூணாக நின்றார். நான்காம் நாள் எவன் வீட்டு இரும்புக் கேட்டையோ பற்றவைக்கப் பட்டறைக்குப் போய்விட்டார். அவளோ இன்றுவரை தையல் மெஷினில் உட்கார்ந்து ஊரார் துணியை அழுது நனைத்துக்கொண்டிருக்கிறாள். “அழுது என்ன ஆகப்போகுது, எந்திரிச்சு சாப்பிடு” என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே?

“வாரத்துக்கு நாலு ரோலு” என்று விற்பனைப் பெண்ணிடமே முறையிட்டாள். “ரெண்டே பேர் இருக்குற வீட்ல! காலையில உள்ள போனா முக்கா மணி நேரம். டாக்டர்கிட்ட வயித்தைக் காட்டுங்கன்னா கேக்குறதில்ல.”

“வயித்துல ஒண்ணுமில்ல” என்றார் அவர், தரையைப் பார்த்து.

“பின்ன உள்ள உக்காந்து பட்டம் விடுறீங்களா?”

விற்பனைப் பெண்ணுக்கு அடுத்த வரிசையில் திடீரென்று ஏதோ வேலை வந்துவிட்டது.

தையல்காரி அவர் பக்கம் திரும்பினாள். “பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டு, ரெண்டு அடுக்கா மூணு அடுக்கான்னு கன்னத்துல தேச்சுப் பாத்துட்டு நிக்கிறீங்களே, எப்படிங்க முடியுது உங்களால?”

அவர் மூன்று அடுக்கு ரோலை எடுத்த இடத்திலேயே வைத்தார். அது எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. பழுப்புப் பேப்பரை வெடுக்கென்று எடுத்துக் கூடையில் போட்டாள்.

“நாளைக்குக் காலையில எங்க அண்ணன் வர்றார். நான் அவர்கூடப் போறேன். கல்லோட குடித்தனம் பண்ண இனி என்னால ஆகாது.”

“சரி” என்றார்.

அவ்வளவுதான். இருபத்து மூன்று வருடத்துக்கு ஒரே ஒரு ‘சரி’!

மறுநாள் காலை பெட்டி கட்டியாயிற்று. தையல் மெஷினுக்கு உறை போட்டாயிற்று. அண்ணன் பாதி வழி வந்துவிட்டதாகப் போன் செய்தார். வெல்டர் வழக்கம்போல் பழுப்பு ரோலோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

“மோட்டார் ரிப்பேர்! மத்தியானம் வரைக்கும் தண்ணி வராது!” என்று கீழிருந்து காவலாளி கத்தினார்.

உள்ளே போன மனுஷன் தண்ணீர் இல்லாமல் என்ன செய்வார்? கிளம்புகிற நேரத்திலும் இவருக்கு ஊழியம் செய்ய வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தபடி, சமையலறையில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாளி மொண்டு கொண்டுபோனாள். கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

மற்ற நாளில் குழாய் கொட்டுகிற இரைச்சலில் உள்ளே நடப்பது எதுவும் வெளியே கேட்காது. இன்றைக்குக் கேட்டது.

“சிட்டு... அப்பாவை விட்டுட்டுப் போயிட்டியேடா... உங்கம்மா எதிர்ல அழக்கூட முடியலடா. நானும் அழுதா அவ ஒடைஞ்சு போயிருவா...”

தேம்பலுக்கு நடுவே பேப்பர் கிழிபடுகிற சத்தம். மூக்கைச் சிந்துகிற சத்தம். மறுபடியும் பேப்பர்.

வாளியை அப்படியே கீழே வைத்தாள். ஓங்கிய கை கதவின் மேல் மெல்லப் படிந்தது.

“கதவைத் திறங்க” என்றாள். “அந்தச் சொரசொரப்பை வச்சுக் கண்ணைத் தேய்க்காதீங்க. என் முந்தானை இருக்கு.”