முன்னாள் உறுப்பினர் வாசல்

"இன்று பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று காவலர் இந்தியில் மறுபடியும் சொன்னபோது மஹாலட்சுமிக்கு உடம்பு பற்றி எரிந்தது.

நாடாளுமன்றத்தில் அன்று பேட்டரி மசோதா விவாதம். பேட்டரி வெடித்து யாராவது செத்தால் விற்ற கம்பெனிதான் பொறுப்பு என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பிரிவையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு.

அவள் கணவன் காத்தவராயன் பேட்டரி ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாமான் கொடுத்துவந்தவன். டெல்லியில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்த பிறகு, நகரத்தின் ஓரத்தில் நரேலாவில் கிடைத்த வீட்டில், சார்ஜில் கிடந்த பேட்டரி வெடித்தது. மகளைப் பால்கனி வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். அவன் வெளியே வரவில்லை.

அவன் சார்ஜ் போட்ட விதம் தப்பு என்றது கம்பெனி.

அவளை இங்கே அழைத்து வந்தவள் வக்கீல் இந்துஜா. நாலு உறுப்பினர்களாவது அவள் வாயால் கேட்கட்டும் என்று, யார் யாரிடமோ நடையாய் நடந்து அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தாள். காவலர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

சரிகை வேட்டியில் ஒருவர் இறங்கினார். அதே காவலர் விறைப்பாகச் சல்யூட் அடித்தார். சீட்டும் கேட்கவில்லை, சோதனையும் இல்லை.

"யாரும்மா அந்தாளு?"

"சேஷன். முன்னாள் உறுப்பினர்" என்றாள் இந்துஜா. "பதவி போனாலும் அவங்களுக்கு அந்த வாசல் உண்டு அக்கா. உள்ள உக்காந்து டீ குடிச்சிக்கிட்டே ஒவ்வொருத்தரா பேசிச் சரிக்கட்டலாம். இப்ப அவர் பேட்டரி கம்பெனி ஆளு."

மஹாலட்சுமிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"கொன்னவனுக்குக் கதவத் தொறப்பீங்க, செத்தவன் பொண்டாட்டி தெருவுல நிக்கணுமா? நீ நல்லா இருப்பியாய்யா? உன் வூடு வெளங்குமா? நீ பெத்தது நல்லா இருக்குமா?"

சேஷன் திரும்பினார். அவருக்குத் தமிழ் புரிந்துவிட்டது. ஆனால் அவர் பார்த்தது மஹாலட்சுமியை இல்லை, இந்துஜாவை. பிறகு மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்துஜா நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் மேசைக்குப் போனாள். கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர் முன்னாள் உறுப்பினர் என்ற பெயரில் உள்ளே போகக்கூடாது, அது உங்கள் விதி, அவரை வெளியே அழையுங்கள் என்றாள்.

அதிகாரி சிரித்தார். "எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள், மேடம். அவர் கம்பெனி ஆள் என்பதற்கு யார் சாட்சி?"

"நான்."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"கம்பெனிக்காரர்கள் வந்து அவரிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தான்."

"அங்கே உங்களுக்கு என்ன வேலை?"

டெல்லிக்கு வந்து வீட்டுவேலை பார்த்தே பாதி ஆயுள் போயிருந்தது மஹாலட்சுமிக்கு. அவர்கள் பேசிய இந்தி ஒரு சொல் விடாமல் புரிந்தது. இந்துஜா சொன்ன பதிலும் புரிந்தது.

"அது என் வீடு. அவர் என் அப்பா."

அதிகாரியின் சிரிப்பு நின்றது. அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்டர்காமை எடுத்தார். சேஷனை அழைத்து வர உள்ளே ஆள் போனது.

'நீ பெத்தது' என்று சபித்தது நினைவுக்கு வர, மஹாலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா, வக்கீலம்மா?"

இந்துஜாவின் கண்கள் அந்த வாசலை விட்டு அகலவில்லை.

"சொல்லியிருந்தா நீங்க கத்தியிருக்க மாட்டீங்க அக்கா."