உள்பக்கத்துப் புகை

ஒரு டாக்ஸியின் டேஷ்போர்டில் தலையாட்டிப் பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில் டிரைவர் தினமும் ஊதுபத்தி ஏற்றுவார். முன்கண்ணாடி வழியே பொம்மைக்கு எல்லாம் மங்கலாகவே தெரியும். "சோம்பேறி, ஒழுங்காத் துடைடா!" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வைப்பரை ஏசும். பாவம், வைப்பரும் ரப்பர் கிழியக் கிழியத் துடைக்கும்.

ஒருநாள் காட்டுப்பாதையில் மாலை வெயில் எதிரே விழ, கண்ணாடி பாலாய் வெளுத்துவிட்டது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பழைய பேப்பரைக் கசக்கி, உள்பக்கம் அழுத்தித் துடைத்தார்.

"அடேயப்பா, எத்தனை நாள் ஊதுபத்திப் புகை!" என்றது கறுத்துப்போன பேப்பர்.

எதிரே ஒரு யானை, குட்டியைத் தன் கால்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு, சாலையைக் கடந்தது. பொம்மையின் தலை ஆடாமல் நின்றுவிட்டது.

"அண்ணே," என்றது மெல்ல, "நீங்க தினமும் இதையெல்லாமா பார்த்தீங்க?"

"நீ திட்டுறப்பகூடப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்" என்றது வைப்பர்.